லெனார்ட் வூல்ஃப்: எங்களை ஆண்ட ஒருவர் எழுதிய உறங்கா இரவுகள்

வெள்ளவத்தையில் கடைசி ரயிலும் போன பிறகு கடலின் சத்தம் மட்டும்தான் கேட்கும். 2007இல் அந்தச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தத்துக்காகவும் எங்கள் வீடு காதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாசலில் வாகனம் நிற்கிறதா, படியில் சப்பாத்துச் சத்தம் ஏறுகிறதா என்று அம்மம்மா விடியும்வரை சாய்மனைக் கதிரையில் இருப்பார். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் தலையணைக்குக் கீழே இருக்கும்.

அந்த ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு கொழும்பிலிருந்து அகற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சில நாட்களில் அப்போதைய பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவிக்கப்பட்ட அன்றிரவும் அம்மம்மா தூங்கவில்லை.

கதைகளில் இது தலைகீழாக நடக்கும். அங்கே குற்றம் செய்தவனுக்குத்தான் தூக்கம் போகும். அரசனைக் கொன்ற மக்பத் தூக்கத்தையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறான். வட்டிக்காரியைக் கொன்ற ரஸ்கோல்னிகோவ் காய்ச்சலில் பிதற்றுகிறான். எங்கள் பாண்டியனோ ஓர் இரவைக் கடக்கும்வரைகூடத் தாங்கவில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்த இடத்திலேயே அவன் உயிரும் போய்விடுகிறது. இவற்றைப் படிக்கும்போது மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்களில் இரவில் விழித்திருப்பவர்கள் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார்தான். 2017 முதல் வீதியோரப் பந்தல்களில் பிள்ளைகளின் படங்களோடு அவர்கள் இருந்த இரவுகளை நாங்கள் கண்டோம்.

இந்த இரண்டு உறக்கமின்மைகளுக்கும் இடையிலான தூரத்தை அறிந்த ஓர் எழுத்தாளர் ஒரு காலத்தில் எங்களை ஆண்டுகொண்டிருந்தார். உலகம் அவரை வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்று அறியும். யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்த, கண்டியில் தூக்குத் தண்டனைகளை நிறைவேற்றிய, அம்பாந்தோட்டையை ஆண்ட லெனார்ட் வூல்ஃபை நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

குதிரைச் சவுக்கும் ஒரு முறைப்பாடும்

1880 நவம்பர் 25ஆம் திகதி லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் வூல்ஃப். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். மகனுக்குப் பதினொரு வயதானபோது அவர் இறந்துவிட, குடும்பத்தின் வசதியும் அவரோடு போய்விட்டது. புலமைப்பரிசிலில் படித்துக் கேம்பிரிட்ஜ் வரை சென்ற வூல்ஃப், 1904இல் இலங்கைச் சிவில் சேவையில் பயிலுநராகச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியபோது அவரோடு வந்தவை ஒரு நாயும் வால்டேரின் முழுத் தொகுதிகளும். முதலில் தங்கியது துறைமுகத்தை ஒட்டிய கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலில். கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே போகக்கூடிய அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

1905 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டார். வடக்குக்கான ரயில் பாதை அப்போது முழுமையாகவில்லை. அநுராதபுரம் வரை ரயில், அங்கிருந்து ஆனையிறவு வரை மாட்டு வண்டித் தபால், மறுபடியும் ரயில். யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலோரம் இருந்த பங்களாவில் குடியேறி, தமிழ் படித்து, நெருப்புக் காய்ச்சலில் விழுந்து எழும்பி, கச்சேரிக் கோவைகளுக்குள் மூழ்கினார். கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயமும் இராசமாளிகையும் பின்னாளில் எங்கள் போரில் இடிந்துபோயின.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு சம்பவம் அவருடைய வாழ்க்கைக்கே ஒரு திறவுகோல். அரசாங்க அதிபரோடு குதிரையில் போய்க்கொண்டிருந்த வூல்ஃப், எதிரே வண்டியில் வந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவரின் முகத்தில் சவுக்கால் அடித்துவிட்டார் என்று யாழ்ப்பாணத் தமிழர் சங்கம் மேலிடத்துக்கு முறைப்பாடு அனுப்பியது. வூல்ஃப் மறுத்தார். வீதியை மறித்துக் கட்டப்பட்டிருந்த ஒரு விறாந்தையை அதிபருக்குக் காட்டுவதற்காகவே சவுக்கை நீட்டியதாகச் சொன்னார். அத்தோடு கோவை மூடப்பட்டது.

ஆனால் அவருக்குள் அது மூடப்படவில்லை. ஐம்பது வருடங்களுக்கும் மேலாகக் கடந்த பிறகு, 1961இல் வெளியான சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில் அதை மறுபடியும் திறந்தார். சவுக்கு அந்த முகத்தில் படவில்லை என்பதில் அவர் உறுதியாகவே இருந்தார். ஆனாலும், அவர்களுடைய ஊரின் பெருந்தெருவில் தான் குதிரைமேல் ஆண்டவனாக அமர்ந்து போனதே அவர்களுக்குக் கன்னத்தில் விழுந்த அடிதான் என்று ஒப்புக்கொண்டார். முறைப்பாடு விபரத்தில் பிழையாக இருக்கலாம், உணர்வில் சரியாக இருக்கலாம் என்ற இந்தப் பாடத்தை அவர் படித்தது யாழ்ப்பாணத்தில்.

மரிச்சுக்கட்டியின் இரவுகள்

1906இன் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைக் கவனிக்க வூல்ஃப் மன்னாருக்குத் தெற்கே மரிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். யாரும் இல்லாத கடற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும். தமிழ்ச் சுழியோடிகள், பாரசீகக் குடாவிலிருந்து வந்த அரபிகள், இந்தியச் செட்டிமார், சிப்பி வாங்க வந்தவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர். படகுகள் கரைக்கு வந்ததும் சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவனுக்கு. சதை அழுகினால்தான் முத்து எடுக்கலாம் என்பதால் கரை முழுவதும் நாற்றமும் இலையான்களும். எண்ணிக்கையும் ஏலமும் இரவிரவாக நடக்கும். தூக்கம் என்பது இடையில் கிடைக்கும் சில மணித்தியாலங்கள்.

அங்கிருந்து நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு எழுதிய கடிதத்தில், கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் கைத்தடியால் அரபிகளை அடித்துக்கொண்டிருப்பதை அவர் வேடிக்கைபோலச் சொல்கிறார். அப்போது அவருக்கு 25 வயது. கடிதத்தில் குற்றவுணர்வின் சாயல்கூட இல்லை. அது வருவதற்குப் பதினைந்து வருடங்கள் எடுத்தன.

தூக்குமேடையும் துப்பாக்கியும்

1907இல் கண்டிக்கு மாற்றம். அங்கே அவருடைய கடமைகளில் ஒன்று, போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது அரசாங்கத்தின் சார்பில் முன்னால் நிற்பது. கைதியின் அறைக்குப் போய் மரண ஆணையை வாசித்து, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஒன்றும் இல்லை என்பார்கள். ஒரு காலையில் நான்கு பேர், இருவர் இருவராகத் தூக்கிலிடப்பட்டதை அவர் நண்பருக்கு விபரமாக எழுதினார். கடைசி இருவரில் ஒருவருடைய விடயத்தில் ஏதோ பிசகிப்போக, பார்க்கக் கூடாத காட்சி ஒன்றைக் கையாட்டி அனுமதித்தவராகவே நின்று பார்த்தார். மரண தண்டனையை அவர் வாழ்நாள் முழுவதும் வெறுத்தார்.

1908 ஓகஸ்டில், 27 வயதில், அம்பாந்தோட்டையின் உதவி அரசாங்க அதிபரானார். உப்பளம், வரி, நீதிமன்றம், குளம், வீதி எல்லாமே ஒருவர் கையில். வெறிபிடித்தவர்போல வேலை செய்தார். மாடுகளுக்குக் கொள்ளைநோய் பரவியபோது, கட்டாமல் திரியவிடப்பட்ட கால்நடைகளைச் சுடும்படி உத்தரவிட்டார். தானே துப்பாக்கி தூக்கிச் சுட்டார். சட்டப்படியும் கால்நடை வைத்தியத்தின்படியும் அது சரி. ஓர் எருமைச் சோடியை நம்பி வாழ்ந்த கமக்காரனுக்கு அது குடி கெடுத்த காரியம். சனங்கள் அவரை வெறுத்தார்கள். அதையும் அவர் தன் நாட்குறிப்புகளில் மறைக்கவில்லை.

1911 மே மாதம் விடுமுறையில் இங்கிலாந்து போனவர் உத்தியோகத்துக்குத் திரும்பி வரவே இல்லை. 1912இல் பதவி விலகினார். அதைக் குற்றவுணர்வின் முடிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேர்ஜீனியா மீதான காதலும் ஒரு பெரிய காரணம். அந்த ஓகஸ்டில் இருவரும் மணம் முடித்தார்கள். ஆனால் மணமான கையோடு அவர் அச்சுக்குக் கொடுத்தது தென்னிலங்கைக் காடு ஒன்றைப் பற்றிய நாவல்.

சரியாகத் தீர்ப்பளித்த நீதவான்

1913இல் வெளிவந்த அந்த நாவல்தான் ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’. சிங்களத்தில் ‘பெத்தேகம’. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் அதைப் படமாக்கியபோது, வெள்ளைக்கார நீதவானாக நடித்தவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

காட்டோரக் கிராமத்து வேட்டைக்காரன் சிலிந்து, அவனுடைய இரட்டைப் பெண் பிள்ளைகள், மூத்தவளின் கணவன் பாபுன். கிராமத் தலைவனும் கடன் கொடுக்கும் முதலாளியும் சேர்ந்து ஒரு பொய்த் திருட்டு வழக்கைச் சோடிக்கிறார்கள். வழக்குக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நீதவானுக்குத் தெரிகிறது. ஆனால் சாட்சியம் ஒழுங்காக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கோ நீதிமன்றத்தின் மொழியே விளங்கவில்லை. பாபுனுக்கு ஆறு மாதச் சிறை. சிலிந்து துப்பாக்கியை எடுக்கிறான். தலைவனையும் முதலாளியையும் சுடுகிறான். தானே நடந்துபோய்ச் சரணடைகிறான்.

வழக்கமான கதையில் இந்தக் கொலைகாரனுக்குத் தூக்கம் போயிருக்க வேண்டும். வூல்ஃபின் கதையில் அவன் களைத்துப்போன மிருகத்தைப்போல அமைதியடைகிறான். நிம்மதி இழப்பது வாசகன். பாபுன் சிறைக்குள்ளேயே இறந்துவிடுகிறான். மனைவி புஞ்சி மெனிக்கா சிறைவாசல்வரை நடந்துபோய்த்தான் அதை அறிகிறாள். யாரும் அவளுக்கு அறிவிக்கவில்லை. பூசா வாசலிலும் வெலிக்கடை வாசலிலும் நின்ற எங்கள் பெண்களுக்கு அந்தப் பக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

அந்த நீதவான் கெட்டவன் அல்ல. லஞ்சம் வாங்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. அந்த இருக்கையில் இருந்தவர் வூல்ஃப்தான் என்பதை வாசிப்பவர் எவரும் கண்டுகொள்வர். பாண்டியனும் நடைமுறைப்படி விசாரித்ததாகச் சொல்லித் தப்பியிருக்கலாம். அவன் தப்பவில்லை. வூல்ஃப் சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிர்விடவில்லை; பதவியை விட்டிறங்கி, தான் அளித்தது போன்ற ஒரு தீர்ப்பு எங்கே போய் முடியும் என்பதை எழுதிக் காட்டினார்.

தமிழ் எழுத்தில் ஒளித்த துயரம்

நாவல் வந்த அதே 1913 செப்டெம்பரில் அவருடைய சொந்த வீட்டுக்குள் அந்த இருள் வந்தது. மனநோயாலும் தூக்கமின்மையாலும் அவதிப்பட்ட வேர்ஜீனியாவுக்கு வெரோனல் என்ற தூக்கமருந்து கொடுக்கப்பட்டுவந்தது. மருந்துப் பெட்டியை எப்போதும் பூட்டி வைக்கும் லெனார்ட், வைத்தியர்களிடம் ஓடித் திரிந்த ஒரு நாள் பூட்ட மறந்துபோனார். வேர்ஜீனியா அளவுக்கு மீறி விழுங்கிவிட்டார். வைத்திய நண்பர் ஒருவரின் உதவியால் உயிர் பிழைத்தார். மறந்தது தான்தான் என்பதை லெனார்ட் பின்னாளில் மறைக்காமல் எழுதினார்.

அந்த வருடங்களில் மனைவியின் உடல்நிலையை நாள்தோறும் குறித்துவைத்தார். மற்றவர் கண்ணில் பட்டாலும் விளங்கக்கூடாது என்பதற்காக, அந்தரங்கமான குறிப்புகளைத் தமிழ், சிங்கள எழுத்துகளால் ஆன ஒரு சங்கேத முறையில் எழுதினார். ஆளுவதற்காகப் படித்த எழுத்து, ஆற்ற முடியாத துயரத்தை ஒளித்துவைக்க உதவியது. 1941 மார்ச் 28ஆம் திகதி வேர்ஜீனியா ஆற்றில் இறங்கி உயிரை மாய்த்துக்கொள்ளும்வரை, ஏறக்குறைய முப்பது வருடங்கள் அந்தக் காவல் தொடர்ந்தது.

தூங்காதவனின் வாக்குமூலம்

1917இல் கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் ஒரு சிறிய அச்சுயந்திரத்தை வைத்து ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். 1921இல் அதிலிருந்து வூல்ஃபின் மூன்று கீழைத்தேயக் கதைகள் சிறு நூலாக வந்தன. மூன்றில் ஒன்று யாழ்ப்பாணத்துப் பிராமணர் இருவரின் சாதி வைராக்கியத்தைக் கேலி செய்வது. மற்றொன்று, மரிச்சுக்கட்டியின் இரவுகளிலிருந்து பிறந்த ‘பேர்ல்ஸ் அண்ட் ஸ்வைன்’.

இங்கிலாந்தின் ஒரு ஹோட்டலில் வசதியான கனவான்கள் இந்தியாவை எப்படி ஆள வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருந்த பழைய அதிகாரி ஒருவர் தன் முத்துக்குளிப்பு முகாமைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். முகாமுக்கு வந்த வைட் என்ற வெள்ளைக்காரனுக்குக் குடியின் உச்சத்தில் சித்தம் கலங்குகிறது. தூக்கம் இல்லை. கட்டிவைக்க வேண்டியதாகிறது. தான் சுதேசிகளுக்குச் செய்த கொடுமைகளையெல்லாம், செத்தவர்கள் கண்முன் வந்து நிற்பதைக் கண்டபடி, இரவும் பகலும் அலறிச் சொல்கிறான். அந்த மக்களே தூரத்தில் மௌனமாக நின்று பார்க்கிறார்கள். ஆட்சித் தத்துவம் பேசிவந்த இளம் அதிகாரி உடைந்துபோகிறான். வைட் இறக்கும் வேளையில், கடலில் மாண்ட ஓர் அரபிச் சுழியோடியின் உடலை அவனுடைய தோழர்கள் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். அவர்களுடைய துக்கத்தில் அவ்வளவு கண்ணியம்.

குற்றமும் தூக்கமின்மையும் பற்றிய கதைகளில் இதற்குத் தனி இடம் உண்டு. வைட்டின் வாக்குமூலம் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவன் தன் வேதனையைத்தான் கத்தினான். அவனால் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் அதில் இல்லை. முகாமில் மறுநாளும் சிப்பிகள் எண்ணப்பட்டிருக்கும். மூன்றில் இரண்டு அரசாங்கத்துக்குப் போயிருக்கும்.

இந்தக் கதை வந்து எட்டு வருடங்களில் அதற்கு ஓர் உண்மையான துணைக்கதை வெள்ளவத்தையிலேயே நடந்தது. 1929இல் சிலி நாட்டின் தூதரக அதிகாரியாக வந்து வெள்ளவத்தைக் கடலோர வீட்டில் வசித்த கவிஞர் பாப்லோ நெருதா, தன் வீட்டு மலசலகூடத்தைத் துப்புரவாக்க வந்த தமிழ்ப் பெண்ணைப் பலாத்காரப்படுத்தினார். அவர் இறந்த பின் 1974இல் வந்த நினைவுக்குறிப்பில் அதை அவரே எழுதியிருந்தார். அவள் தன்னை இகழ்ந்தது சரிதான் என்றும் எழுதினார். அந்தப் பெண்ணின் பெயர் அதில் இல்லை. அசோக ஹந்தகம ‘அல்போராதா’ படத்தை எடுக்கும்வரை இந்த நகரமும் அவளைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. ஒப்புக்கொள்வது மட்டும் நீதி ஆகாது என்பதற்கு நாங்கள் தினமும் நடந்துபோகும் கடலோரமே சாட்சி.

எழுதியதோடு நிற்காதவர்

வூல்ஃப் எழுதியதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது. 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடக்குவதாகச் சொல்லிக் குடியேற்ற அரசு இராணுவச் சட்டத்தின் கீழ் நடத்திய கொலைகளுக்கு விசாரணை கோரி ஈ.டபிள்யூ. பெரேராவும் டி.பி. ஜயதிலக்கவும் லண்டன் போனபோது, அவர்களுக்குத் தோள் கொடுத்தவர்களில் அவர் ஒருவர். தான் முன்பு வேலை பார்த்த அதே அரசுக்கு எதிராகத்தான் அவர் நின்றார்.

1938இல் பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவுக்காக இலங்கை பற்றி எழுதிய குறிப்பில், சிறுபான்மையினருக்கு அரசியலமைப்புப் பாதுகாப்பு வேண்டும் என்றார். சுவிற்சர்லாந்தைப் போன்ற கூட்டாட்சியையோ பெருமளவு அதிகாரப் பகிர்வையோ ஆராய வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். பத்து வருடங்களில் சுதந்திரம் வந்தது, கூட்டாட்சி வரவில்லை. அதே 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. மற்றது எங்களுக்குத் தெரிந்த கதை.

1960இல், 79 வயதில், வூல்ஃப் இலங்கைக்கு மறுபடியும் வந்தார். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தெற்கிலும் மரியாதையான வரவேற்பு. அந்தப் பயணத்தில் ஒரு முதியவர் அவரைத் தேடி வந்தார். கொள்ளைநோய்க் காலத்தில் கிராம அதிகாரியாக இருந்து வூல்ஃபிடம் தண்டனை பெற்றவர். ஐம்பது வருடமாகச் சுமந்த கேள்வியை நேருக்கு நேர் கேட்டார்: அன்று நீங்கள் செய்தது நியாயமா? நியாயம்தான் என்று வூல்ஃப் பதில் சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்வியைத் தன் சுயசரிதையில் பதிந்துவிட்டுத்தான் போனார். 1969 ஓகஸ்ட் 14ஆம் திகதி அவர் காலமானார்.

எங்களுக்கான கேள்வி

மரிச்சுக்கட்டி இன்று முசலிப் பிரதேசத்தின் ஒரு முஸ்லிம் கிராமம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்த ஊரும் வெறுமையானது. கையில் எடுத்ததோடு போகச் சொன்னார்கள். எங்களில் பலர் அன்று கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தோம், அல்லது பார்க்காமல் இருந்தோம். பதினேழு வருடங்களின் பின் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து எங்கள் சனங்கள் பஸ்களில் ஏற்றப்பட்டபோது, அம்மம்மா சொன்ன முதல் விடயம் அந்த ஒக்டோபரைப் பற்றியது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம் விட்டுப்போன ஆட்டுக்குட்டி இரவிரவாகக் கத்தியதாம். அன்றிலிருந்தே தனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை என்றார்.

எங்கள் மீது செய்யப்பட்டவற்றுக்கு நாங்கள் நீதி கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். குற்றவாளிகளின் கெட்ட கனவுகள் எங்களுக்குப் போதாது; பெயர்களும் விசாரணையும் பதிலும் வேண்டும். ஆனால் எங்களை நோக்கி ஒருவர் முறைப்பாட்டோடு வரும்போது, சவுக்கு முகத்தில் பட்டதா இல்லையா என்ற வாதத்தோடு கோவையை மூடிவிடுகிறோமா? அல்லது அவருக்கு அது எப்படி வலித்தது என்று கேட்க இருக்கிறோமா?

அம்மம்மா 2014இல் போய்விட்டார். கடைசி ரயில் இப்போதும் போகிறது. வீடு நிம்மதியாகத் தூங்குகிறது. நான்தான் சில இரவுகளில் அந்தச் சாய்மனைக் கதிரையில் விழித்திருக்கிறேன்.